கிளி வராத வீடு

டிவி கடைச் சுவரில் ஒரு பெரிய ஃபோர்-கே டிவி நாள் முழுக்க விளம்பரப் படத்தில் ஒரே கிளியைக் காட்டிக்கொண்டிருந்தது. கீழே தரையோரம் ஒரு சின்ன எச்டி டிவி.

"என் திரையில எண்பது லட்சம் புள்ளி. கிளியோட இறகை ஒண்ணொண்ணா எண்ணலாம். உனக்குப் பத்தே லட்சம்! நாளைக்கு உன்னைக் குடோன்ல போடப் போறாங்க" என்றது பெரியது.

"போடட்டும். இருக்கிற பத்து லட்சத்தையும் வச்சு ஒழுங்கா வேலை பாக்கறேன்" என்றது சின்னது.

டிவி வாங்க வந்த கனகமணி கிளியையே சற்று நேரம் பார்த்தாள். "அண்ணே, எங்க வீட்ல பழைய கேபிள்தான். அதைப் போட்டுக் காட்டுங்க" என்றாள்.

கடைக்காரர் இரண்டிலும் கேபிளைப் போட்டார். கேபிளின் சின்னப் படத்தை அத்தனை பெரிய திரைக்கு இழுத்ததில், பெரியதில் செய்தி வாசிப்பவரின் மூக்கும் கன்னமும் கரைந்து ஒன்றாகிவிட்டன. கீழே ஓடிய எழுத்து, மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி இருந்தது. சின்னதில் ஓடியதைக் கனகமணி வாய்விட்டே படித்தாள்: "கனமழை. நாளை பள்ளிகளுக்கு விடுமுறை."

"இதையே கட்டுங்கண்ணே."

"கிளியைப் போடுங்க! கிளியைப் போடுங்க!" என்று பெரியது கத்தியது.

"கத்தாதே" என்றது அட்டைப்பெட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்த சின்னது. "அவங்க வீட்டுக்குக் கிளி வராது. செய்திதான் வரும்."