பவுடர் டப்பா

ஆகஸ்ட் மாதத்துக் குவைத்தில் எந்தக் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தான் கொட்டுகிறது. குளியலறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, வெள்ளை அங்கியை இடுப்புவரை சுருட்டிப் பிடித்தபடி மிஷாரி நிற்கிறான். கைக்கண்ணாடியில் அவன் உள்தொடை தெரிகிறது. செக்கச் சிவந்த தடிப்புகள். நடுவில் ஒன்று மட்டும் நீர்கோத்துப் பளபளக்கிறது. சர்க்கரை வியாதியை அடக்கத்தான் வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கிறான். மிதித்து இறங்குவதற்குள் தினமும் வாசலில் விருந்தாளிகள். வியர்வையில் நனைந்த கால்சட்டைக்கு மேலேயே அங்கியை மாட்டிக்கொண்டு, கடைசிக் காபிக் கோப்பை காலியாகும்வரை அவர்களோடு உட்கார்ந்திருக்கிறான். வந்தவர்களை விட்டுவிட்டுக் குளிக்க எழுந்து போவது இந்த வீட்டில் மரியாதை இல்லை. வெளியே ஏசி உறுமுகிறது. அதையும் மீறி வாப்பாவின் சக்கர நாற்காலி கிறீச்சிடுகிறது. சர்க்கரைப் புண்ணுக்காகப் போன வருடம்தான் அவருடைய ஒரு காலை எடுத்தார்கள்.

"உள்ள என்னங்க இவ்வளவு நேரம்? அங்கயும் சைக்கிள் ஓட்டுறீங்களா?" மனைவி முனீரா கதவைத் தட்டிச் சிரிக்கிறாள்.

"ஒண்ணுமில்ல, வேர்க்குரு. பவுடர் போட்டா போயிடும்."

டப்பாவைக் கவிழ்க்கிறான். தரையெல்லாம் வெள்ளை. விரல் அந்தக் கொப்புளத்தைத் தொடுகிறது. எரிய வேண்டும், எரியவில்லை. இன்னும் அழுத்துகிறான். அப்போதும் இல்லை.

கிறீச்சென்ற சத்தம் நெருங்கி வந்து, கதவுக்கு வெளியே நிற்கிறது.

"கதவத் தொறடா மகனே," என்கிறார் வாப்பா, மெதுவாக. "நானும் பவுடர்தான் போட்டேன்."