கறுப்பு வயர்

பல் டாக்டரம்மா வருவதற்குள் காரில் ஒரு வயரைப் பிடுங்கியாக வேண்டும். விசில் வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டான். பின் இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் தடவி, அதைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான்.

பயப்பட வேண்டாம், அது பிரேக் வயர் இல்லை. பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் வயர்தான். இனி சாவியைத் திருகினால் என்ஜின் இருமும், கிளம்பாது.

பெற்றவர்கள் அவனுக்கு வைத்த பெயர் வேறு. ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, வீட்டு ஷெட்டிலேயே அதற்கு வேகத்தைக் கூட்டும் சூப்பர்சார்ஜர் பூட்டினான். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அது தெருக்கோடி வரைக்கும் விசிலடித்தது. கைக்குழந்தையைத் தூங்கவைக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர்தான் முதலில் அவனை அப்படிக் கூப்பிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது.

கார் வந்த நாளிலிருந்து அவன் மனைவியின் ஸ்கூட்டர் மழையில் நனைகிறது. துவைக்கும் இயந்திரம் படுக்கையறையில் நிற்கிறது. காரை விற்றே தீருவது என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். பார்க்க வந்த இரண்டு பேரும் எப்படியோ நழுவிப் போனபின் கடைசியாக ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்த டாக்டரம்மாவும் வேண்டாம் என்றால், ஆயுசுக்கும் அவள் விற்கிற பேச்சை எடுக்க மாட்டாள்.

அவள் சத்தியம் செய்தது அவனுடைய அம்மா மேல் என்பதால் விசிலுக்குக் கொஞ்சம் உதைப்பாகத்தான் இருந்தது. இருந்தாலும் அதைவிட்டால் வேறு வழியில்லை. கார் இல்லாத ஷெட்டை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

டாக்டரம்மா நேரம் தவறாமல் வந்தார். கார் தனக்கில்லை, வீட்டுக்காரருக்கு என்றார். வங்கி மேலாளராக இருந்து போன மாதம்தான் ஓய்வு பெற்றாராம். இப்போதைக்கு சமையல்கட்டில் இருக்கும் டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறாராம்.

விசில் பானெட்டைத் திறந்து காட்டினான். அவர் எட்டிப் பார்த்த விதத்தில் ஆர்வம் ஒன்றும் தெரியவில்லை. வேகம் என்ன, எத்தனை குதிரைத்திறன், ஒன்றையும் கேட்கவில்லை. மீன் தானாகவே தூண்டிலைவிட்டு நழுவுகிறது என்று அவனுக்கு உள்ளூரக் குஷி.

அந்த நேரம் பார்த்து மனைவி காபியோடு வந்தாள். காபியைக் கொடுத்த கையோடு புலம்பலையும் ஆரம்பித்தாள். இந்தக் காரைக் கட்டிக்கொண்டு இவர் அழுதது கொஞ்சநஞ்சமில்லை, வருஷக்கணக்காக இந்த ஷெட்டுக்குள்தான் குடித்தனம் என்றாள்.

“சாப்பிடக் கூப்பிட்டாக்கூட வரமாட்டார். காருக்கு அடியிலேர்ந்து கால்தான் ஆடும். அதான் பதில்.”

“ஞாயித்துக்கிழமையுமா?” என்றார் டாக்டரம்மா.

“அன்னிக்குத்தான் எழுந்த உடனே பூந்துடுவார்.”

விற்க வேண்டிய சரக்கை இவளே நாறடிக்கிறாளே என்று விசிலுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கல்யாணமானதிலிருந்து மனைவியை இவ்வளவு பிடித்துப்போனது இன்றைக்குத்தான். தன் பங்குக்கு அவனும் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டான். டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த பலகையைக் கழற்றினான்.

உள்ளே வயர்கள் சரிந்து தொங்கின. ஒன்று பாக்கியில்லாமல் அத்தனையும் கறுப்பு. காருக்கு முழுக்கப் புதிதாக வயரிங் செய்தபோது, மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரே நிறத்தில் பெரிய சுருளாக வாங்கிப்போட்டதன் பலன் அது.

“அப்ப எது எங்க போகுதுன்னு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தடவிப் பார்த்தா தெரியும் மேடம். வேற யாராவது கை வச்சா, ஒரு ஹாரனைச் சரிபண்ணவே வருஷம் ஓடிடும்.”

டாக்டரம்மா தலையை ஆட்டினார். மனைவியின் முகம் கடுகடுத்தது. சரி, ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்கள் என்றாள் அவனைப் பார்த்து, பல்லைக் கடித்தபடி.

விசில் சாவியைத் திருகினான். என்ஜின் இருமியது. மறுபடி திருகினான், மறுபடி இருமியது. அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, இழவு வீட்டுக்காரன் மாதிரி உட்கார்ந்தான். இப்படி ஓடாத வண்டியை ஒரு நல்ல மனுஷி தலையில் கட்ட மனசாட்சி இடம்கொடுக்கவில்லை என்று நாத்தழுதழுக்கச் சொன்னான்.

டாக்டரம்மா கைப்பையைத் திறந்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார் என்று அவன் நினைத்தான். வெளியே வந்தது பேசிய விலை, ஒரு பைசா பேரம் இல்லாமல். மனைவி அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடாத குறையாகப் போனாள். காரைக் கட்டி இழுத்துப்போக வண்டி தெருமுனையில் தயாராக நிற்கிறது என்றார் டாக்டரம்மா.

விசில் சட்டென்று சாவியை உருவினான். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ரெண்டே மாதம் கார் இங்கேயே இருக்கட்டும், தங்கமாக ஓடவைத்துத் தானே கொண்டுவந்து விடுகிறேன் என்று கெஞ்சினான். இப்போது குரல் தழுதழுத்தது நடிப்பில்லை.

டாக்டரம்மா அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிச் சாவியை எடுத்துக்கொண்டார். பல் பிடுங்கிப் பழகிய கை.

“வேணாம் தம்பி. வண்டி ஓடிட்டா, எங்க வீட்டு மனுஷன் மறுபடி சமையல்கட்டுக்குள்ள வந்துடுவார்.”