காய்ந்த துண்டு

எங்கள் கார் ஷெட்டின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பாலிஷ்காரர் கைவிளக்கை பானெட்டுக்கு அருகில் பிடித்தார்.

கறுப்பு பெயிண்டில் வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள். விளக்கை நகர்த்த நகர்த்த, சிலந்தி வலை ஒன்று கூடவே நகர்ந்தது.

"யாரும்மா இப்படிக் காஞ்ச துணிய வச்சுத் தேய்ச்சது? அடிப்பிடிச்ச சட்டியா இது? உங்க வீட்டுக்காரரா? வரட்டும், ரெண்டு வார்த்தை கேக்குறேன்."

அவர் இனி வரமாட்டார் என்று நான் சொல்லவில்லை. அவர்மேல் பழி விழுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அவரு இல்லப்பா. நான்தான்."

அவர் இருந்தவரை இந்த வண்டியில் ஒரு கீறல் கிடையாது. ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் துணி அலச நல்ல தண்ணீர். தூசியோடு துடைத்தால் மண்ணே பெயிண்டைக் கீறிவிடும் என்பார். துடைக்கவே மாட்டார், குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல ஒற்றி ஒற்றி எடுப்பார்.

போன வாரம் கொழுந்தனார் வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"அண்ணன் கண்ணாடி மாதிரி வச்சிருந்தாரு. இப்பக் குரங்கு கைப் பூமாலையாப் போச்சு. ஓட்டவும் தெரியாது, உங்களுக்கு எதுக்கு அண்ணி? ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டுப் போறேன்."

அதற்குள் கீறல்கள் போய்விட்டால் மனசு மாறுவார் என்றுதான் பாலிஷ்காரரை வரவழைத்தேன்.

அவர் விளிம்புகளில் டேப் ஒட்டினார். மிஷினின் பஞ்சுத் தட்டில் பசையைத் தொட்டு, பானெட்டில் பதிய வைத்த பிறகே ஸ்விட்சைப் போட்டார். முன்னாலேயே போட்டால் பசை சுவரெல்லாம் தெறிக்குமாம். ஓரிடத்தில் நின்றால் பெயிண்ட் கருகுமாம். தட்டு சுழல, கை நகர்ந்துகொண்டே இருந்தது.

ஷெட் முழுக்க இரைச்சல். வீட்டுக்குள்ளும் கேட்டிருக்கும். கேட்க ஆள் இல்லை.

முடித்ததும் மறுபடி விளக்கைப் பிடித்தார். வலையைக் காணோம். ஆழ்ந்த கறுப்பில் ஒற்றை வெளிச்சப் புள்ளி.

"மேல் பூச்சு காகித கனம்கூட இல்லம்மா. அதைத்தான் சீவி எடுத்திருக்கேன். இன்னொரு தடவை தாங்காது. இனிமே காஞ்ச துணியோட இந்தப் பக்கம் வந்தீங்க, கைய ஒடிச்சிருவேன்!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். என் சிரிப்பு எனக்கே வேற்றாள் சிரிப்பாகக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் பானெட்டில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கினார். "சரி, உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணி" என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை, கொடியிலிருந்து காய்ந்த துண்டை உருவிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். பானெட்டின் நடுவில் வைத்து அழுத்தி, தினமும் போடுவதுபோல ஒரு வட்டம் போட்டேன்.

பிறகு கையை எடுக்காமல், வீட்டுக்குள் திறக்கும் கதவைப் பார்த்தபடி நின்றேன்.

அவர் இருந்தபோது, நான் காய்ந்த துண்டை எடுத்தாலே அந்த வழியாகத்தான் கத்திக்கொண்டே ஓடிவருவார்.