குடைக்கு மறுபக்கம்

அரைநாள் சுற்றுலாவில், ஓவியர்கள் வாழும் அந்த ஆற்றங்கரை ஊரின் கடைசிக் கூடத்துக்குள் நுழைந்தபோது, சுவரெல்லாம் எதிரே இருந்த படித்துறையின் படங்கள்தான். ஒவ்வொன்றிலும் ஆள் நிற்க வேண்டிய இடத்தில், ஆளின் வடிவத்திலேயே ஓவியத் துணி வெள்ளையாக விடப்பட்டிருந்தது. "இங்கேருந்து கிளம்பும்போது 'வர்றேன்'னு சொல்லிட்டுப் போனவங்க இவங்க. சொன்னபடி வந்தாத்தான் ஐயா வரைவாரு," என்றாள் வழிகாட்டிப் பெண் ஜெசிந்தா. "அது சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்றதுதானே," என்று ஒருவர் சிரித்தார். மூலையில் உட்கார்ந்து ஓவியர் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். சுற்றுலா வந்தவர்களில் வடிவு மட்டும் ஜன்னலோரப் படத்தின் முன் நின்றுவிட்டாள். அந்த வெள்ளைக்கு ஒரு தோள் இறங்கியிருந்தது. கக்கத்தில் இடுக்கிய குடையின் நுனி பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. வெயிலோ மழையோ, குடையை விரிக்காமல் அப்படியே இடுக்கிக்கொண்டு நடந்த மனுஷனோடுதான் அவள் இத்தனை காலம் குடித்தனம் நடத்தினாள். "இவரு இனி வரமாட்டாருங்க. போன ஆடியில தவறிட்டாரு," என்றாள், குரல் பிசகாமல். "இந்த இடத்தை ஆத்துத் தண்ணியா வரைஞ்சு மூடிடுங்க." ஓவியர் எழுந்து வந்து படத்தைப் பார்த்தார். "முடியாதும்மா. இவரு 'வர்றேன்'னு சொல்லலை. 'வர்றோம்'னாரு." குடைக்கு மறுபக்கம் அந்த வெள்ளை இன்னோர் ஆள் அகலத்துக்கு நீண்டிருப்பதை அப்போதுதான் வடிவு கண்டாள். வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். "நேரமாச்சும்மா," என்றாள் ஜெசிந்தா. வடிவு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே படித்துறைக்கு இறங்கினாள். பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு, கூடத்து ஜன்னலைப் பார்த்து நின்றாள். "இப்ப வரைங்க," என்றாள்.