எல்லைச் சாவடியில் ஒரு கையெழுத்து

மூன்றாவது நாளும் அவர் பேனாவைத் தொடவில்லை.

மேசையின் மேல் அதே காகிதம்.

'இந்நாட்டின் அரியணை மீது எனக்கோ என் வாரிசுகளுக்கோ எந்த உரிமையும் இல்லை. இனி ஒருபோதும் கோரமாட்டேன்.'

அதன் கீழே ஒரு கோடு. இளவரசர் கையெழுத்திட்டால் உள்ளே போகலாம். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பலாம்.

எல்லைச் சாவடி அதிகாரி ஜன்னலோரம் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். முடியாட்சி ஒழிந்தபோது அவன் பிறந்திருக்கவே மாட்டான்.

நாற்பத்திரண்டு வருடங்களுக்கு முன் இதே சாலையில்தான் அவர்கள் குடும்பம் வெளியேறியது. அப்போது அவருக்கு ஆறு வயது. இப்போது லிஸ்பனில் ஒரு கடையில் குளிர்பதனப் பெட்டி விற்கிறார். வாடிக்கையாளர்கள் வேடிக்கையாக 'இளவரசரே' என்று கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துவைப்பார்.

அப்பா சாகும்போது சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தக் காகிதத்துல மட்டும் கையெழுத்துப் போட்டுடாதடா."

அதன் பிறகுதான் அம்மா ஊர் திரும்பினாள். பெண்களுக்கு அந்த அரியணையில் உரிமை கிடையாது. ஆகவே அவளிடம் யாரும் எதையும் எழுதிக் கேட்கவில்லை. பேசாமல் உள்ளே விட்டார்கள்.

இப்போது அம்மா சாகக் கிடக்கிறாள். இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம்.

தந்தி கிடைத்த அன்றே ரயில் ஏறியவர், இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

முதல் நாள் தலைநகருக்கு மனு அனுப்பினார். இரண்டாம் நாள் பதில் வந்தது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானாம். அன்று விடுதியில் படுத்துக்கொண்டு அம்மாவின் முகத்தை நினைக்கப் பார்த்தார். அப்பாவின் முகமே வந்தது.

"ஐயா, நாலு மணி பஸ்ஸ விட்டா அப்புறம் நாளைக்குத்தான்."

அதிகாரியின் குரலில் கடுமை இல்லை. அதுதான் தாங்கவில்லை.

பேனாவை எடுத்தார்.

எழுநூறு வருடத்து வம்சம். முடித்துவைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பேருந்தில் அவரை யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்காரச் சொன்னார். தள்ளி உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் மனசு லேசாகிவிட்டிருந்தது. அம்மா திட்டுவாள். திட்டட்டும். திட்டுவதற்கு அவள் இருக்கிறாளே, அது போதும்.

கதவைத் திறந்தவள் பக்கத்து வீட்டு ஹெட்விக். இத்தனை நாளும் அம்மாவைப் பார்த்துக்கொண்டவள். கறுப்பு உடுத்தியிருந்தாள்.

"காலைலதாங்க. ஒம்பது மணிக்கு."

கட்டிலில் அம்மா. முகத்தில் வலியே இல்லை. உதட்டில் சிரிப்பு போல ஏதோ இருந்தது.

"மூணு நாளா ஒரே கேள்விதான். 'எம்மகன் கையெழுத்துப் போட்டுட்டானா?' கண்ணத் தொறக்கும்போதெல்லாம் அதையேதான் கேட்டாங்க. காலைல சாவடிக்கு போன் போட்டேன். இன்னும் போடலன்னாங்க. வந்து சொன்னேன். எப்படிச் சிரிச்சாங்க தெரியுமா? 'அவன் போடமாட்டான்'னாங்க. அப்புறந்தான் நிம்மதியாக் கண்ண மூடினாங்க."

அவர் அம்மாவின் கையைத் தொட்டார்.

ஹெட்விக் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பெருமையோடு அவரை ஏறிட்டுப் பார்த்தாள். சட்டென்று அவள் முகம் மாறியது.

"அப்போ... உங்கள எப்படி உள்ள விட்டாங்க?"

அவர் போர்வையை இழுத்து அம்மாவின் முகத்தை மூடினார்.