முதலில் இறங்குபவர்

“அந்தப் பொண்ணு தொட்டியில கால வெக்கறதுக்கு முன்னாடி நான் முழுகி ஏறிடணும். ஆமா, சொல்லிட்டேன்!”

வேங்கிக்கால் ஜெப வீட்டின் பின்புறம், ஞானஸ்நானத் தொட்டியின் விளிம்பில் நின்று சக்கரபாணி உறுமினார்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயி. இயேசுவே தம் ஆண்டவர் என்று ஊர் நடுவில் நெஞ்சு நிமிர்த்திச் சொன்னவர். அவர் சாராயத்தை விட்டார். பங்காளிகள் அவரை விட்டார்கள். இன்று ஞானஸ்நானம் பெறாமல் திரும்பினால் அதே பங்காளிகள் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

கிரிவலத்துக்கு வந்த பௌர்ணமிக் கூட்டத்தில், பேருந்தில் யார் யாரோடோ தோள் உரசி வந்தவர்தாம். ஆனால், தொட்டியோரம் வெள்ளைப் புடவையில் நின்ற கஸ்தூரியைக் கண்டதும் உடம்பு கூசிவிட்டது. அவர் நிலத்தில் களையெடுத்த சடையனின் மகள். படிக்கப் போன பெண்ணைப் பல ஆண்டுகளுக்குப் பின் இப்போதுதான் பார்க்கிறார்.

சபை மூப்பர் புகழேந்தி கையைப் பிசைந்தார். “அவங்கதாங்க மொதல்ல எறங்கணும். எப்பவும் அதான் வழக்கம்.”

“என்னய்யா வழக்கம்? காலனி ஆளு எறங்கின தண்ணியில நான் முழுகறதா? இல்ல, தண்ணிய மாத்து!”

“கரண்ட் இல்லீங்களே. மோட்டார் எப்படி ஓடும்?”

“அப்ப நான்தான் முந்தி. நேத்து வந்திருக்காரே புது பாஸ்டர், அவர்கிட்ட போய்ச் சொல்லு!”

“அவங்க காதுல விழுந்துடுச்சுங்க” என்று சொல்லிவிட்டு மேலும் பேச வாயெடுத்த புகழேந்தியைக் கஸ்தூரி கண்ணசைத்துத் தடுத்தார்.

“அண்ணா, மூச்சு வாங்குது பாருங்க. செத்த உக்காருங்க.”

“அண்ணனா? உங்கப்பன் என்னை ஆண்டேன்னு கூப்புடுவான், தெரியுமில்ல?”

“தெரியும். கூப்ட்டுக் கூப்ட்டு அவர் முதுகே வளைஞ்சு போச்சு. எனக்கு நிமிர்ந்து நின்னுதான் பழக்கம்.”

சக்கரபாணியின் மனைவி மணியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

“பழைய பாஸ்டர் சொல்லிக் குடுத்தாருங்களா, ஞானஸ்நானம்னா என்னான்னு?” என்றார் கஸ்தூரி.

“சொல்லாம? தண்ணிக்குள்ள போறப்ப பழைய ஆளு சாவறான். ஏர்றப்ப புது ஆளு பொறக்கறான்.”

“சாவறதுக்கா முந்தி நிக்கணும்னு இப்படி அடிச்சிக்கிறீங்க?”

தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கஸ்தூரி சிரிக்கவில்லை.

“உள்ள போற பழைய ஆளுக்கு நான் தீட்டு. சரி, அவர் போவட்டும். வெளிய வர்ற புது ஆளுக்கு நான் யாருண்ணா?”

சக்கரபாணி ஊரை எதிர்த்தார், உறவை எதிர்த்தார், போதையை எதிர்த்தார். தம் நெஞ்சில் தலைமுறை தலைமுறையாகக் கொலுவீற்றிருந்த அந்த ஒரு பகைவனுக்கு மட்டும் சோறூட்டி, தேவனுடைய வாசல்வரை தோளில் சுமந்து வந்துவிட்டார்!

“ஏங்க, நம்ம ஜனமே நம்மள தள்ளி வெச்சப்ப எப்படி வலிச்சுது?” என்றார் மணியம்மாள். இப்போது அவரும் சிரிக்கவில்லை.

சக்கரபாணி தொட்டியின் விளிம்பிலிருந்து விலகி வழிவிட்டார்.

“நீயே மொதல்ல எறங்கும்மா. நீ எறங்கின தண்ணிதான் எனக்கும்.”



கஸ்தூரி படியிறங்கி, இடுப்பளவு நீரில் நின்றார். முழுகவில்லை, ஏறவும் இல்லை.

“என்ன தங்கச்சி, அப்படியே நிக்கற? நீ முழுகலியா? பாஸ்டர் எங்க?” கேட்டுக்கொண்டே சக்கரபாணியும் தண்ணீரில் இறங்கினார்.

“நான் முழுகி எத்தனையோ வருஷம் ஆச்சுண்ணா. கையக் குடுங்க.”

கரையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். சக்கரபாணி அந்த முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரு கைகளையும் நீட்டி, கண்களை மூடிக்கொண்டார்.

“பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே...” என்று சொல்லி, புதுப் போதகர் கஸ்தூரி அவரைத் தண்ணீருக்குள் சாய்த்தார்.