டாக்டர் சபாபதியின் கொசு

1963 ஜூன் மாதத்துப் புதன்கிழமை ஒன்று, உலக விஞ்ஞான வரலாற்றில் பொன்னெழுத்துகளில் பொறிக்கப்பட இருந்தது.

அல்சூர் ஏரியில் பிடித்த புழுக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியை டாக்டர் சபாபதி மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். கொசுவென்றால் மூன்று ஜோடி குரோமோசோம். இதிலோ நான்கு, நீரில் ஆடும் வரிபோட்ட ரிப்பன்களாக. அவரும் கூடவே மிதந்தார். புதிய கொசு இனம், அதற்கு அவர் பெயர், லண்டனில் கைதட்டல். கடிக்கும் விதம் பற்றி ஒரு வரி சேர்த்தால் கட்டுரை மாலைத் தபாலில் போய்விடும்.

அந்த ஒரு வரிக்காக, ஆய்வுக்கூடப் பணியாள் எல்லம்மா கூண்டுக்குள் கையை விட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சார், புழுவெல்லாம் வளந்து பறக்குது. மூணு நாளா கைய நீட்டிக்கினு கீறேன். ஒண்ணும் கடிக்கல."

"புது இனம் எல்லம்மா. சாந்த சுபாவம்."

"பசியில யாரு சார் சாந்தமா இருப்பா? எங்க வூட்டுக்காரரு இருக்கமாட்டாரு."

"கூச்சமாயிருக்கும்."

"கூச்சமில்ல சார். லென்ஸ் வச்சிப் பாத்தேன். குத்துற ஊசியே இல்ல. ஏரிப் பக்கம் கொசு மாதிரியே லைட்டுல வந்து வுழும் பாருங்க, அந்தப் பூச்சி இது."

ரிப்பன்கள் ஆடுவது நின்றது.

டாக்டர் சபாபதி கண்டுபிடித்த புதிய கொசு, கொசுவே அல்ல.